போலரைசர் ஃபில்ட்டர்: கடலின் நீலம் யாருடையது?

இந்த எபிசோட் ஒரு சின்ன வட்டக் கண்ணாடியைப் பற்றி. லென்ஸ் முன்னாடி மாட்டித் திருகுற போலரைசர் ஃபில்ட்டர். கேமரா கடைல கேட்டா 'சிபிஎல்'னு எடுத்துக் கொடுப்பாங்க. இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி வரும்: "எல்லாத்தையும் எடிட்ல பண்ணிக்கலாமே, இதுக்கு எதுக்குக் காசு?"

நியாயமான கேள்விதான். நான் கோடு எழுதிச் சம்பளம் வாங்குறவன். மென்பொருளால ஒரு விஷயம் முடியாதுன்னு சொல்ல எனக்கே மனசு வராது. ஆனா இது முடியாது. ஏன்னு பார்ப்போம்.

ஒளி ஒரு அலை. ஒரு கயிற்றை மேலும் கீழும் ஆட்டலாம், இடமும் வலமும் ஆட்டலாம் இல்லையா? சூரிய ஒளி எல்லாத் திசையிலும் கலந்து கட்டி ஆடுது. அது தண்ணி மேலயோ கண்ணாடி மேலயோ சாய்வாப் பட்டுத் தெறிக்கும்போது, கிடைமட்டமா ஆடுற பகுதிதான் அதிகமாத் தெறிக்குது. போலரைசர் ஒரு திசையில ஆடுற ஒளியை உள்ள விடும், அதுக்குக் குறுக்கா ஆடுறதைத் தடுத்துடும். திருகும்போது எதை விடணும், எதைத் தடுக்கணும்னு நீங்க முடிவு பண்றீங்க.

1808-ல மாலுஸ் என்கிற பிரெஞ்சுக்காரர், பாரிஸ் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்ல தெறிச்ச மாலைச் சூரியனை ஒரு கால்சைட் படிகம் வழியா பார்த்தப்போதான் இது முதல்ல பிடிபட்டது. 1815-ல புரூஸ்டர் அதுக்குக் கணக்குக் கொடுத்தார். தண்ணிக்கு அந்தக் கோணம் செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி. அந்தக் கோணத்துல தெறிக்கிற ஒளி முழுக்க ஒரே திசையில ஆடும். அதனால ஃபில்ட்டர் அதை முழுசா நிறுத்திடும்.

இப்போ எடிட்டிங் கேள்விக்கு வருவோம். குளத்தைப் படம் எடுக்கிறீங்க. ஒவ்வொரு பிக்ஸல்லயும் ரெண்டு வெளிச்சம் சேர்ந்து விழுது: மேல தெறிச்ச வானம், அடியில கிடக்கிற படிக்கல். சென்சார் ரெண்டையும் கூட்டி ஒரே எண்ணா எழுதி வைக்குது. எண் 7-ன்னா, அது 5-ம் 2-மா, 3-ம் 4-மான்னு அப்புறம் எந்த ஆப்பாலயும் பிரிக்க முடியாது. ஏஐ அந்த இடத்தை அழகா நிரப்பித் தரும். ஆனா அது யூகம்தான், அந்தக் குளத்துல இருந்த கல் இல்ல. பிரிக்கணும்னா சென்சாருக்குப் போறதுக்கு முன்னாடியே பிரிக்கணும்.

இந்த 'பிரிக்கிறது' ஒரு பெரிய கதையோட தொடக்கம். கடல் ஏன் நீலம்? வானத்தோட நீலம்தான் அதுல தெறிக்குதுன்னு ராலே பிரபு மாதிரி பெரிய ஆட்களே சொல்லியிருந்தாங்க. 1921-ல இங்கிலாந்துல இருந்து 'நர்குண்டா' கப்பல்ல ஊர் திரும்பிக்கிட்டு இருந்தார் சி.வி. ராமன். திருச்சிக்காரர், அப்போ வயசு 32. கையில ஒரு நிக்கல் பிரிசம். கால்சைட்ல செஞ்சது, நம்ம ஃபில்ட்டரோட தாத்தான்னு வச்சுக்கலாம். சரியான கோணத்துல அதைத் திருப்பி, கடல் மேல தெறிக்கிற வானத்தை நிறுத்திட்டுப் பார்த்தார். வானம் போயிடுச்சு, நீலம் போகல. அது கடலோட சொந்த நீலம்!

தண்ணி மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்குதுன்னு அங்கிருந்து அவர் பிடிச்ச நூல், 1928 பிப்ரவரி 28-ல ராமன் விளைவு, 1930-ல நோபல் பரிசுன்னு போச்சு. ஆக, உங்க கேமரா பையில இருக்கிற இந்தக் கண்ணாடி வெறும் 'பஞ்ச்' கூட்டுற சாமான் இல்ல, ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன கருவியோட வாரிசு.

சரி, காரைக்காலுக்கு வருவோம். முதல்ல வானம். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி இருக்கிற வானத்துலதான் ஃபில்ட்டர் நல்லா வேலை செய்யும். காலையில நம்ம கடற்கரையில சூரியன் நேர் எதிர்ல, கிழக்குல வருது. அந்தப் பக்கம் கேமராவை வச்சுத் திருகுனா வானத்துல ஒண்ணும் நடக்காது. வடக்கே தரங்கம்பாடி பக்கமோ, தெற்கே நாகூர் பக்கமோ திரும்புங்க. நீலம் கெட்டியாகும், மேகம் எழுந்து நிக்கும்.

வெளிநாட்டு வீடியோக்கள்ல 'மத்தியானம் வேண்டாம்'னு சொல்வாங்க. நம்ம ஊர் கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கு. ஏப்ரல்லயும் ஆகஸ்ட்லயும் உச்சிவெயில் தலைக்கு நேர் மேல. அப்போ அந்த 90 டிகிரிப் பட்டை அடிவானத்தைச் சுத்தியே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை செய்யும். வெளிச்சம் கடுமைதான், ஆனா வானத்துக்கு அது மோசமான நேரம் இல்ல. ஒரே எதிரி, கடலோரப் புழுக்கமும் வெளுத்த வானமும். மழை விட்டுத் தெளிஞ்ச நாள்ல பாருங்க, வித்தியாசம் தெரியும்.

அடுத்து தண்ணி. அம்மையார் குளப் படியில நிக்கிறீங்க, கேமரா தண்ணிக்கு ஒன்றரை மீட்டர் மேல இருக்குன்னா, சுமார் 2 மீட்டர் தள்ளி இருக்கிற தண்ணிதான் அந்த 53 டிகிரி இடம். அங்கே அடி தெரியும், மீன் தெரியும். எதிர்க்கரைப் பிம்பம் ரொம்பச் சாய்வா வர்றதால முழுசாப் போகாது. அந்தப் பிம்பம்தான் உங்க படம்னா, ஃபில்ட்டரைக் கழற்றிடுங்க.

வயல்லயும் இதே கதைதான். நெல் இலை மேல வானம் வெள்ளையாத் தெறிச்சு பச்சையை மறைக்கும். திருகுனா பச்சை வெளிய வரும். பெயின்ட் அடிச்ச படகுக்கும் ஓகே. பித்தளைக் குடம், எவர்சில்வர் மாதிரி உலோகப் பளபளப்புக்கு மட்டும் பெருசா உதவாது.

எப்போ கழற்றணும்? விடியக்காலைல படகு கரையேறும்போது. ஒன்றரையிலிருந்து ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இது தின்னுடும். 1/250-ல எடுக்க வேண்டியது 1/60-க்கு இறங்கிடும், ஆள் அசைஞ்சா போச்சு. வைடு லென்ஸ்லயும் கவனம்: வானத்துல ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும். வானவில்லை எடுக்கும்போது தப்பாத் திருகுனா வானவில்லே காணாமப் போயிடும்!

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். ஃபில்ட்டரோட முன்பக்கத்தை எல்சிடி லேப்டாப் ஸ்கிரீனைப் பார்த்து வச்சுத் திருகுங்க. ஒரு கட்டத்துல ஸ்கிரீன் நல்லா இருட்டணும். இருட்டலைன்னா அது போலரைசரே இல்ல. கடற்கரைக்குக் கொண்டு போனா, வீட்டுக்கு வந்ததும் உப்பைத் துடைங்க. வளையத்துல மணல் போனா திருகவே வராது.

போன்ல எடுக்கிறவங்க போலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸ் முன்னாடி பிடிச்சுத் திருப்பினாலே பாதி விஷயம் புரிஞ்சிடும்.

கடைசியா ஒண்ணு. அரசலாறு கடல்ல சேர்ற இடத்துல எடுத்த படங்கள்ல தண்ணி எப்பவும் அழகா நீலமா இருக்கும். அதுல பாதி வானம் கொடுத்த கடன். ஃபில்ட்டரைத் திருகுனா தண்ணி தன்னோட நிறத்துல நிக்கும்: மண்கலங்கல்னா மண்கலங்கல், பாசின்னா பாசி, அடியில பிளாஸ்டிக் கவர்னா கவர். ஆற்றோட நிலைமையைக் காட்டத்தான் படம் எடுக்கிறீங்கன்னா, இந்த வித்தியாசம் சின்னது இல்ல. லைக்குக்கு எந்தப் படம் போகும்னு நமக்குத் தெரியும். ஆற்றுக்கு எந்தப் படம் வேணும்னு யோசிங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்துல ரெண்டு படம் எடுங்க, ஃபில்ட்டரோட ஒண்ணு, இல்லாம ஒண்ணு. எனக்கு அனுப்பும்போது ரெண்டையும் சேர்த்தே அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.