அடுத்த தேர்தல் எப்போது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"தேர்தற் பெறுபேறும் மக்களாட்சியும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளரவர்கள் என்னைப் பணித்தார்கள். பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத சிறியேன், எத்தனையோ தேர்தல்களைக் கண்ட பெரியோர்முன் இதைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் யான் கட்சி பேச வரவில்லை. யார் வென்றார், யார் தோற்றார் என்பதைப் பத்திரிகைகள் போதுமான அளவு சொல்லிவிட்டன. வென்றவர் அடுத்த தேர்தலை உரிய நாளில் வைத்தாரா என்ற ஒரே கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டு நம் நாட்டின் கதையை ஒருமுறை நடந்து பார்க்க விரும்புகிறேன்.

நானறிந்த ஒரு வாசிகசாலை உண்டு. ஊர்ப்பெயரைக் கேட்க வேண்டாம். அங்கே நல்லவர்கள் சிலர் ஒருமனதாகத் தெரிவாகி நிருவாகத்துக்கு வந்தனர். முதலாண்டு கூரை வேய்ந்தனர், பத்திரிகை எடுத்தனர். இரண்டாமாண்டு பொதுக்கூட்டம் கூட்டவில்லை. திருவிழாக் காலம் என்றனர். மூன்றாமாண்டு மழைக்காலம். நான்காமாண்டு கணக்குப் புத்தகத்தைக் கேட்டவன் ஊருக்கு ஆகாதவன் என்று பெயரெடுத்தான். அவர்களுள் ஒருவரும் களவெடுக்கவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆயினும் அது பொதுவாசிகசாலை என்ற நிலை மாறி, அவர்களுடைய வாசிகசாலை ஆகிவிட்டது.

இதை நம் முன்னோர் அறியாதவரல்லர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, கோயிற்சுவரிலே இதற்கு விதி எழுதி வைத்திருக்கின்றன. குடவோலையிற் பெயர் வந்தவன் வாரியத்தில் 360 நாள் இருக்கலாம். பின் விலக வேண்டும். கணக்குக் காட்டாதவன் பெயர் மட்டுமன்று, அவன் உறவினர் பெயரும் குடத்துள் விழக்கூடாது. அச்சபையில் இருந்தவர்கள் நிலமுடைய அந்தணர் மட்டுமே. அதை இன்றைய மக்களாட்சியென்று பெருமை பேசுவது பொருந்தாது. ஆனால் பதவிக்கு நாட்கணக்கு வேண்டும், அக்கணக்கைப் பதவியிலிருப்பவன் கைதொட முடியாத கல்லில் வெட்டவேண்டும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது.

நான் படித்த மிஷன் பாடசாலையில் இங்கிலாந்துச் சரித்திரத்தையே உயர்வாகச் சொல்லித் தந்தார்கள். அச்சரித்திரத்தில் ஒரு பக்கத்தை ஆசிரியர் விரைந்து கடந்தது நினைவிருக்கிறது. 1715இல் மூன்றாண்டுக்கெனத் தெரிவான பாராளுமன்றம், 1716இல் தன் ஆயுளைத் தானே ஏழாண்டாக நீட்டிக்கொண்டது. பாராளுமன்றங்களின் தாய் செய்ததை மகள் செய்ய எத்தனை நேரம் வேண்டும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1970 மே மாதத் தேர்தலை இங்குள்ள பெரியோர் சிலர் மறந்திருக்கமாட்டீர்கள். திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையில் சுதந்திரக் கட்சியும் இடதுசாரிக் கட்சிகள் இரண்டும் சேர்ந்த ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களுள் 116ஐக் கைப்பற்றியது. அம்மூன்று கட்சியும் சேர்ந்து பெற்ற வாக்கோ பாதிக்குச் சற்றுக் குறைவு. அரைப்பங்கு வாக்குக்கு முக்காற்பங்கு ஆசனம் கிடைத்தது. தோற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 ஆசனம்.

அப்பெரும்பான்மை என்ன செய்தது? 1971இல் செனற் சபை ஒழிந்தது. 1972 மே 22இல் குடியரசு அரசியலமைப்பு வந்தது. ஓர் இனத்தையோ மதத்தையோ பாகுபடுத்திச் சட்டமியற்றுவதைத் தடுத்த சோல்பரித் திட்டத்தின் 29ஆம் பிரிவு அதில் இல்லை. நிறைவேறிய சட்டத்தைச் செல்லாதென்று தள்ளும் அதிகாரம் நீதிமன்றுக்கும் இல்லை. இவை பெரிய விடயங்கள். பல மேடைகளிற் பேசப்பட்டவை. என் கேள்விக்குரிய விடயம் சிறியது. 1975இல் வரவேண்டிய தேர்தல் வரவில்லை. புதிய சபைக்குப் புதிய ஐந்தாண்டு 1972இலிருந்து எண்ணப்பட்டது. 1970இல் நாம் அனுப்பியவர்கள் 1977வரை இருந்தார்கள்.

இந்தத் தள்ளிவைப்பின் கசப்பை நம் குடாநாடு வேறொரு வகையிலும் சுவைத்தது. 1972 ஒக்டோபரில் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். புதிய அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனரா இல்லையா என்பதை இடைத்தேர்தலில் அறிந்துகொள்ளட்டும் என்பது அவர் விடுத்த அறைகூவல். துவக்கோ கல்லோ எடுக்காமல், வாக்குப்பெட்டியைக் கொண்டுவா என்று ஒரு முதியவர் கேட்டார். பெட்டி எப்போது வந்தது? 1975 பெப்ரவரி 6ஆந் தேதி. இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஒரு தொகுதி ஆளில்லாமல் இருந்தது. தேர்தல் வந்தபோது பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். அடுத்த ஆண்டு மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம். அந்த இருபத்தெட்டு மாதக் காத்திருப்பைக் கணக்கில் எடுக்காமல் அத்தீர்மானத்தை விளங்கிக்கொள்ள முயல்வோர் பாதிக்கதையே படிக்கின்றனர் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அக்காலத்தில் என் வயதினராயிருந்தோர் வாக்குச்சீட்டைப்பற்றி என்ன எண்ணியிருப்பர்?

1977 யூலையில் ஊசல் மறுபக்கம் ஆடியது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 51 வாக்கு. 168இல் 140 ஆசனம். சுதந்திரக் கட்சி எட்டாகச் சுருங்க, 18 ஆசனம் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் திரு. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். முன்னவர் செய்த பிழையை அறிந்து வந்தவர்கள் அதைத் திருத்துவர் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்தது யாதெனின், 1978இல் நிறைவேற்று அதிகாரமுடைய சனாதிபதி முறை. 1982 டிசெம்பர் 22இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு. இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறாண்டு இருக்கட்டும் என்போருக்கு விளக்கு. வேண்டாம் என்போருக்குக் குடம். நிறைகுடமும் குத்துவிளக்கும் ஒரே வாசலில் வைக்கும் நமக்கு அவ்விரண்டையும் பகையாக்கிக் காட்டினார்கள். நாடு முழுவதிலும் நூற்றுக்கு 54க்கு மேற்பட்டோர் விளக்குக்கு வாக்களித்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களுள் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கு. விளக்கு வென்றது. 1977இல் வந்த பாராளுமன்றம் 1988 இறுதியில்தான் கலைந்தது. இடையில் 1983 ஓகஸ்டில் ஆறாந் திருத்தம் வர, அச்சத்தியத்தைச் செய்ய மறுத்த கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். குடாநாட்டில் அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை நான் இச்சபைக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்தியாவை ஒருகணம் நோக்குவோம். 1971இல் 352 ஆசனம் வென்ற இந்திரா காந்தி அம்மையாரும் நெருக்கடி நிலையில் மக்களவையின் ஆயுளை நீட்டினார். ஆனால் 1977 மார்ச்சில் தேர்தல் வைத்தார், தோற்றார், போனார். ஆறாண்டாக்கிய பதவிக்காலத்தைப் பின்வந்தவர்கள் மீண்டும் ஐந்தாக்கினர். இருநாட்டின் தலைவர்களுள் எவர் நல்லவர் என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. நாள் தவறிய தேர்தல் மீண்டும் நாளுக்குத் திரும்பியது அங்கே. தவறியதே பழக்கமானது இங்கே.

இதுவரை ஆண்டவர்களைக் குறைகூறினேன். நம் வீட்டுக் குப்பையையும் சற்றுக் கிளறத்தான் வேண்டும். 1931இல் டொனமூர்த் திட்டப்படி முதல் அரசாங்க சபைக்குத் தேர்தல் வந்தபோது, பூரண சுயராச்சியம் தரவில்லையென்று அதனைப் பகிட்கரிக்கச் செய்தது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். அவர்கள் நம்மைப்போன்ற இளைஞர், படித்தவர், சாதிக் கொடுமையையும் எதிர்த்த உத்தமர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு ஆசனமும் வெறுமையாய்க் கிடந்தன. 1934இல்தான் இடைத்தேர்தல். இலட்சியம் பெரிதுதான். எனினும், சபை தன் பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்ட முதல் மூன்றாண்டில் நம் நாற்காலியை நாமே காலியாக வைத்திருந்தோம்.

இனி இன்றைய கதை. 2013 செப்டெம்பர் 21இல் வடமாகாண சபைக்கு முதன்முதல் தேர்தல் நடந்தது. 38 ஆசனத்தில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. அச்சபை தீர்மானங்கள் பல நிறைவேற்றியது. நியதிச்சட்டங்கள் சிலவே இயற்றியது. உட்பூசலிலும் நாள் போக்கியது. அதற்குத் தீர்ப்புச் சொல்ல 2018 ஒக்டோபரில் நமக்கு வாய்ப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. நம் பிரதிநிதிகளும் அதற்குக் கைதூக்கினர். தொகுதி வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் சபைக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. கொண்டுவந்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார்! பழைய முறை போயிற்று, புதிய முறை பிறக்கவில்லை. 2019க்குள் ஒன்பது மாகாண சபைகளும் காலாவதியாயின.

இதன் பயன் ஆளுகையில் எப்படித் தெரிகிறது? மாகாணப் பாடசாலை, ஆதார வைத்தியசாலை, மாகாண வீதி, விவசாயம், கூட்டுறவு எல்லாம் சனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கையில். ஆளுநர் திறமைசாலியாகவும் இருக்கலாம். அது வேறு விடயம். ஆனால் வரவுசெலவுத் திட்டத்தை மேசையில் வைத்து, ஏன் இங்கே குறைத்தாய், ஏன் அங்கே கூட்டினாய் என்று கேட்க ஒரு சபை இல்லை. ஒரு கிராமத்துப் பாடசாலைக்குக் கூரை ஒழுகினால் மனு எழுதலாம். வாக்கு எழுத முடியாது. இன்னொன்றும் உண்டு. தேர்தலைத் தள்ளிவைத்தது கொழும்புக்கு மட்டும் வசதியன்று. கணக்குக் கொடுக்காமலே வீட்டுக்குப் போன நம்மவர்களுக்கும் அது வசதியாயிற்று.

உள்ளூராட்சித் தேர்தலுக்கும் இக்கதி வந்தது. 2023 மார்ச்சில் வைப்பதாயிருந்த தேர்தல் பணமில்லையென்று நின்றது. வழக்குப் போட்டார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஓகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்த்தது; 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. சட்டத்தில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தால் நீதிமன்றம் அந்த நாளைப் பிடித்து இழுக்கலாம். மாகாண சபைக்கோ பிடித்து இழுக்க நாளே இல்லை.

2024 நவம்பர் 14இல் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனம் வென்றது. விகிதாசார முறை வந்தபின் ஓரணி தனித்து மூன்றிலிரண்டைக் கடந்தது இதுவே முதற்றடவை. யாழ்ப்பாணத்திலும் ஆறில் மூன்று அவர்களுக்கே. கிடைத்த வாக்கு ஏறக்குறைய நாலிலொன்று. என் நண்பர் பலர் மகிழ்ந்தனர், சிலர் அஞ்சினர். மகிழ்ந்தவரோடும் அஞ்சியவரோடும் எனக்கு வழக்கில்லை. 1970ஐயும் 1977ஐயும் படித்தவனுக்கு 116, 140, 159 என்னும் எண்கள் ஒரே வரிசையில் வந்து நிற்பதைக் காணாதிருக்க முடியவில்லை. 2020இல் 145 பெற்றோர் இரண்டாண்டில் என்ன ஆயினர் என்பதும் அவ்வரிசையில் உண்டு. மாகாண சபைத் தேர்தலைப் பழைய முறையில் வைக்க மூன்றிலிரண்டு வேண்டியதில்லை. சாதாரணச் சட்டமொன்று போதும். அச்சட்டம் வராமலே வடமாகாண சபை கலைந்த நாளிலிருந்து ஏழாண்டு நிறைந்துவிட்டது.

செயலாளரவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள்; முடிக்கிறேன். 2013இல் எனக்குப் பத்து வயது. அம்மம்மா வாக்களிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். எங்கள் பாடசாலை வாசலில் என்னை நிறுத்திவிட்டு உள்ளே போனவர், திரும்பி வந்து மை பூசிய சின்னிவிரலைக் காட்டினார். 'நீயும் பெரியவனானால் இந்தத் தேர்தலில் வாக்குப் போடுவாய்' என்றார். அம்மம்மா இன்றில்லை. எனக்கு வாக்குரிமை வந்து மூன்று முறை விரலில் மை பூசிவிட்டார்கள். 2024இல் இருமுறை, 2025இல் ஒருமுறை. அவர் சொன்ன அந்தத் தேர்தலின் சீட்டு எப்படியிருக்குமென்று இன்னும் நான் கண்டதில்லை.