ஓட்டை எண்ணினார்கள், வரிசையை எண்ணவில்லை

தேர்தல் என்றதும் நமக்குக் கொடியும் கூட்டமும் கோஷமும்தான் நினைவுக்கு வரும். தேர்தலை நடத்துகிற ஆபீஸை யாரும் நினைப்பதில்லை. எத்தனை சாவடி, எந்தத் தெருவில் சாவடி, சாவடிக்கு எத்தனை ஊழியர் என்ற கணக்கெல்லாம் அங்கேதான் போடப்படுகிறது. அந்தக் கணக்கு பிசகினால் அன்றாடங்காய்ச்சியின் ஓட்டு என்ன கதியாகும்? அமெரிக்காவில் 2016-ல் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

நம் நாட்டில் அபேட்சகர் யார் என்பதைக் கட்சிக் கமிட்டி தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் அதற்கும் ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். இதற்குப் பிரைமரி என்று பெயர். அநேகமாக இதைக் கட்சிகள் நடத்துவதில்லை. சர்க்கார் செலவில், கவுண்டி எனப்படும் ஜில்லாவின் தேர்தல் ஆபீஸ் நடத்துகிறது.

அரிசோனா ராஜ்யத்தில் மாரிக்கோப்பா என்றொரு கவுண்டி. பீனிக்ஸ் என்ற பெரிய நகரம் அதில்தான் இருக்கிறது. 2016 மார்ச் 22, செவ்வாய்க்கிழமை, ஜனாதிபதி அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி அங்கே நடந்தது.

ஆபீஸில் என்ன வேலை?

கட்சிக்கு ஒரு சீட்டாக ஓட்டுச்சீட்டு அச்சடிக்க வேண்டும். எண்ணும் இயந்திரத்தில், விடை முன்கூட்டியே தெரிந்த மாதிரிச் சீட்டுகளைப் போட்டுச் சோதிக்க வேண்டும். தபாலில் ஓட்டுப் போடுகிறவர்களுக்குச் சில வாரம் முன்பே சீட்டு அனுப்ப வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். சாவடிகளுக்கு இடம் பிடிக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் கோளாறு வந்தது. 2012-ல் இதே பிரைமரிக்கு 200-க்கு மேல் சாவடிகள் இருந்தன. 2016-ல் வெறும் 60! ஓட்டுரிமை உள்ளவர்களில் சுமார் 21,000 பேருக்கு ஒரு சாவடி என்று விழுந்தது. யாரும் எந்தச் சாவடிக்கும் போகலாம், பெரும்பாலோர் தபாலில் போட்டுவிடுவார்கள், செலவும் குறையும் என்று ஆபீஸ் கணக்குப் போட்டது.

காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருந்தது. தெருவில் நடந்தது வேறு. காலை 6 மணிக்குச் சாவடி திறந்தது. வரிசை நீண்டது, வளைந்தது, அடுத்த தெருவுக்கும் போனது. கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே ஓட்டு என்பது தெரியாமல் பதிவில்லாதவர்களும் வந்து நின்றார்கள். அவர்களுடைய சீட்டைத் தனி உறையிலிட்டு, பிறகு விசாரிப்பதாக எழுதி வைக்க வேண்டியிருந்தது. அதிலும் நேரம் போயிற்று. சில இடங்களில் ஐந்து மணி நேரம் காத்திருந்தார்கள். இரவு 7 மணிக்குள் வரிசையில் நின்றவர்களுக்கு ஓட்டு உண்டு என்பது சட்டம். கடைசி மனிதர் ஓட்டுப் போட்டபோது நடுநிசி கடந்துவிட்டது. ஜெயித்தது யார் என்று பத்திரிகைகள் அறிவித்தபோது, ஜனங்கள் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்!

யாரால் நிற்க முடியும்?

யோசித்துப் பாருங்கள். அன்று விடுமுறை நாளா? இல்லை. மாதச் சம்பளக்காரர் ஒரு மணி தாமதமாகப் போகலாம். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் ஐந்து மணி நேரம் நின்றால் அன்றைய கூலியில் பாதிக்கு மேல் போச்சு. கைக்குழந்தைக்காரி எவ்வளவு நேரம் நிற்பாள்? இரவு ஷிப்டுக்காரர் என்ன செய்வார்? ஓட்டுக்கு வரி கிடையாதுதான். ஆனால் வரிசையே வரியாகிவிட்டது.

ஏழைகளும் சிறுபான்மை மக்களும் வாழும் பகுதிகளில் சாவடி மிகக் குறைவு என்று பீனிக்ஸ் மேயர் மத்திய சர்க்காரின் நீதி இலாகாவுக்கு எழுதி, விசாரணை கேட்டார். இதற்குப் பின்னால் ஒரு சட்ட விஷயமும் உண்டு. 1965-ல் வந்த ஓட்டுரிமைச் சட்டத்தின்படி, அரிசோனா போன்ற ராஜ்யங்கள் தேர்தல் ஏற்பாட்டை மாற்றுவதற்கு முன் மத்திய சர்க்காரிடமோ கோர்ட்டிடமோ அனுமதி பெற வேண்டியிருந்தது. 2013-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தக் காவலை எடுத்துவிட்டது. ஆகவே 60 சாவடித் திட்டத்தைச் சிறுபான்மையோர் கண்ணோடு முன்கூட்டிப் பார்க்க வெளியார் எவரும் இல்லை.

பரிசீலனை

தேர்தல் முடிந்த பிறகு ஆபீஸ் சும்மா இருப்பதில்லை. கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர், சீட்டு எத்தனை என்று ஒத்துப் பார்க்கிறது. தபால் உறையின் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. தனி உறைச் சீட்டுகளை விசாரிக்கிறது. நூற்றுக்கு இரண்டு சாவடிகளின் சீட்டுகளைக் கட்சிக்காரர்கள் கையால் எண்ண, இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறது. இவை அவசியமான வேலைகள். இவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனானே ஒருவன், அவன் எந்தக் கணக்கில் வருகிறான்? அவன் கையெழுத்துப் போடவில்லை. அவனுக்குச் சீட்டு இல்லை. ஆகையால் கணக்கு ஒத்துப்போகிறது!

அவன் கணக்கை ஜனங்கள்தான் கேட்டார்கள். சில நாட்களில் அரிசோனா சட்டசபையில் பகிரங்க விசாரணை நடந்தது. மக்கள் திரண்டு வந்து தாங்கள் பட்ட பாட்டைச் சொன்னார்கள். தேர்தல் பொறுப்பிலிருந்த கவுண்டி அதிகாரி ஹெலன் பர்செல் முதலில் வரிசையில் நின்றவர்கள் மேலும் கொஞ்சம் பழி போட்டார். பிறகு தவறு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். வழக்கும் தொடுக்கப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டு பிரைமரிக்கு நூற்றுக்கணக்கில் வட்டாரச் சாவடிகள் திறக்கப்பட்டன. பர்செலின் பதவியும் தேர்தலால் வருகிற பதவி. சுமார் 28 வருஷம் அதிலிருந்த அவரை நவம்பரில் ஜனங்கள் தோற்கடித்தார்கள்.

தோழர்களே! மில்லில் சம்பளச் சீட்டு வந்ததும் கூட்டலை மட்டுமா பார்க்கிறோம்? விட்டுப்போன நாள் எது என்றும் பார்க்கிறோம். தேர்தல் கணக்கையும் அப்படியே பார்க்க வேண்டும். விழுந்த ஓட்டு சரியாக எண்ணப்பட்டதா என்பது பாதிக் கேள்வி. விழாமல் போன ஓட்டு ஏன் விழவில்லை என்பது மறுபாதி. முதல் பாதியை ஆபீஸ் கேட்டுக்கொள்ளும். மறுபாதியை வரிசையில் நிற்கிறவர்கள்தான் கேட்க வேண்டும்; சாவடிப் பட்டியல் தயாராகும்போதே கேட்க வேண்டும்.