அளவறிந்து வெளுப்போம்

வீட்டை விட்டு விடுதிக்குச் செல்லும் மாணவர், முதன்முதலாகத் தம் கையால் செய்ய நேரும் வேலைகளுள் துணி துவைத்தலும் ஒன்று. உணவை விடுதியார் சமைத்துத் தருவர். பாடத்தை ஆசிரியர் சொல்லித் தருவர். அழுக்குச் சட்டையை மட்டும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வேலையை எளிதாக்க வந்த புதுப்பொருள் ஒன்றைப் பற்றியும், சில வேளைகளில் அது துணிக்கு விளைக்கும் கேட்டைப் பற்றியும் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

கடைகளில் 'பாட்' என்றும் 'காப்ஸ்யூல்' என்றும் வழங்கும் சிறு பொதியை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும் சிறு தலையணை போன்றது. கண்ணாடி போன்ற மெல்லிய தாளுக்குள் நீலமும் பச்சையுமாகத் திரவம் நிறைந்திருக்கும். ஒரு முறை துவைப்பதற்கு ஒரு பொதி என்பது கணக்கு. தாளைக் கிழிக்க வேண்டுவதில்லை. எதையும் அளக்க வேண்டுவதில்லை. சலவை இயந்திரத்தில் அப்படியே இட்டால், தாள் நீரில் கரைந்து உள்ளிருக்கும் திரவம் வெளிப்படும். இதனைச் சலவைப் பொதி என்றே இவ்வுரையில் குறிப்பிடுகிறேன்.

இத்துணை வசதியான பொருளைப் பற்றி வரும் முறையீடுகள் சில. கறுப்புக் கால்சட்டையின் மடிப்பில் பசை போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டு, காய்ந்தபின் வெள்ளைச் செதிலாக விறைத்து நிற்கிறது என்பர் சிலர். வெளிர்நிறச் சட்டையில் நீலத்திட்டு படிந்தது என்பர் வேறு சிலர். காக்கித் துணி அங்கங்கே வெளிறிப்போயிற்று என்பாரும், பட்டு பொலிவிழந்தது என்பாரும் உளர். பொருளின்மேல் பழியைப் போட்டு ஒதுங்குவது எளிது. காரணத்தை ஆராய்வதே கற்பவர்க்கு அழகு.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். அது பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பொருளால் ஆனது. 1924-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹெர்மன், ஹேனல் என்னும் இரு வேதியியலார் இதனை முதன்முதல் உருவாக்கினர். பாலிவினைல் அசிடேட் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறிலிருந்து அசிடேட் தொகுதிகளை நீக்கி இதனைப் பெறுகின்றனர். அத்தொகுதிகளில் 100-க்கு 88 அளவில் நீக்கினால் கிடைக்கும் பொருள் குளிர்ந்த நீரிலேயே கரையும். 98, 99 என்ற அளவுக்கு நீக்கிவிட்டாலோ வெந்நீரில்தான் கரையும். நீரை விரும்பும் தொகுதிகள் மிகுந்தால் கரைதலும் மிகவேண்டும் அன்றோ? நிகழ்வது அதற்கு மாறானது. அத்தொகுதிகள் மிகும்போது சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. இடையே நீர் நுழைய வழியில்லை. கூட்டத்தார் கைகோத்து நெருங்கி நின்றால் அயலார் உள்ளே புக முடியாமை போன்றது இது.

இப்பொருள் துணிக்குப் புதியதும் அன்று. நூல் ஆலைகளில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருப்பதற்காகக் கஞ்சி போடும் வழக்கம் உண்டு. அரிசிக் கஞ்சிக்கும் மாவுக்கும் உரிய அவ்விடத்தில் பாலிவினைல் ஆல்கஹாலையும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். நூலின்மேல் படிந்து காய்ந்து விறைப்புத் தருவது அதன் இயல்பு. ஆகவே, முழுதும் கரையாத தாள் உங்கள் சட்டையில் காய்ந்து விறைத்து நின்றால் அதில் வியப்பில்லை. வேண்டாத இடத்தில் அது கஞ்சியாகிவிட்டது.

நீரில் கரையும் தாளுக்குள் திரவத்தை எவ்வாறு அடைத்து வைத்தனர் என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டால் அவரை நான் பாராட்டுவேன். அத்திரவத்தில் நீரின் பங்கு 100-க்கு 10 என்ற அளவில்தான் இருக்கும் என்பதே விடை. புட்டியில் விற்கும் சாதாரணச் சலவைத் திரவத்தில் பெரும்பகுதி நீர். பொதியில் இருப்பதோ நீர் குறைந்த கடுஞ்சாறு. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், துணிக்கு நேரும் கேடு பலவும் தாமே விளங்கும்.

கேட்டிற்கு முதற்காரணம், தாளுக்கு நீர் எட்டாமை. பலர் துணிகளை எல்லாம் திணித்துவிட்டு, இறுதியில் பொதியை மேலே எறிந்து கதவை மூடுகின்றனர். அது துணி மடிப்பிலோ கதவின் ஓரத்திலோ அகப்பட்டுக்கொள்கிறது. தாளின் ஒரு பக்கம் நனைந்து உடைகிறது. எஞ்சிய பகுதி கூழாகிறது. உள்ளிருந்த சாறு நீரோடு கலக்காமல் ஒரே இடத்தில் துணியின்மேல் தங்குகிறது. அச்சாற்றிலுள்ள சாயம் அவ்விடத்தில் நீலத்திட்டாகிறது. துணியை வெண்மையாகக் காட்டுவதற்குச் சேர்க்கும் வெண்மையூட்டி ஓரிடத்தில் மிகுதியாகப் படிந்தால், காக்கியிலும் வெளிர்நிறத் துணியிலும் வெளிறிய திட்டுத் தோன்றுகிறது. குளிர்நாடுகளில் மாரிக்காலத்துக் குழாய்நீரில் தாள் மெதுவாகக் கரைவதும் ஒரு காரணம். சமவெளியில் வாழும் நமக்கு அவ்வளவு குளிர்ந்த நீர் இல்லை; ஆயினும் இயந்திரத்தில் இடமின்றித் துணி அடைப்பதும், 15 நிமிடத்தில் முடியும் விரைவுச் சலவையைத் தேர்வதும் அதே தீங்கைச் செய்கின்றன.

தாளை இன்னும் விரைவாகக் கரையச் செய்தால் என்ன என்று தோன்றலாம். அதற்கும் ஒரு தடை உண்டு. அமெரிக்காவில் 2012-இல் இப்பொதிகள் பெருவழக்கிற்கு வந்தன. மிட்டாய் போன்ற அவற்றின் நிறங்கண்டு மயங்கிய குழந்தைகள் அவற்றை வாயிலிட்டுத் துன்புற்றனர். 2012, 2013 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் 6 வயது நிரம்பாத குழந்தைகள் 17,000-க்கு மேற்பட்டோரைப் பற்றி அந்நாட்டு நச்சுமுறிவு உதவி மையங்களுக்குச் செய்தி வந்தது. இத்தகைய விபத்துகளைக் கருதியே ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஒரு விதி வகுத்தது. 20 பாகை வெப்பமுள்ள நீரில் இட்டால் குறைந்தது 30 நொடியேனும் பொதி உடையாமல் இருக்க வேண்டும். தாளில் கசப்பான பொருள் சேர்க்க வேண்டும் என்பன அவ்விதியின் கூறுகள். குழந்தையின் வாயில் உடனே கரையக்கூடாது. துணிகளுக்கிடையே கரையாமலும் இருக்கக்கூடாது. இரு தலைவர்க்கு ஏவல் செய்யும் பணியாளன் நிலை அந்தத் தாளின் நிலை. துவைப்பவர் தம் பங்கைச் செய்தால் அன்றி அது இரண்டு கடமைகளையும் நிறைவேற்ற இயலாது.

இரண்டாவது காரணம், துணியின் வகையறியாமை. பருத்தி தாவரப் பொருள். பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவை. உணவுக் கறை, இரத்தக் கறை முதலியவற்றை நீக்கப் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் சலவைப் பொருளில் சேர்க்கின்றனர். 1913-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆட்டோ ரோம் என்பார் தொடங்கிவைத்த முறை இது. கறையிலுள்ள புரதம் இது, இழையிலுள்ள புரதம் அது என்று வேறுபடுத்தும் அறிவு நொதிக்கு இல்லை. அதனாலேயே, பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது என்று பல உறைகளில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கின்றனர்.

சிறிய எழுத்தைப் படிக்காமையின் விளைவை நான் நேரில் கண்டேன். என்னிடம் பயின்ற ஒருவர் சில காலத்திற்கு முன் ஒரு பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். அவருடைய மகள் கல்லூரி விழாவிற்காகத் தாயின் கலியாணப் புடவையை வாங்கிச் சென்றாள். அழுக்கோடு திருப்பித் தரலாகாது என்னும் நல்லெண்ணத்தால், விடுதி இயந்திரத்தில் ஒரு பொதியோடு அதனை இட்டுவிட்டாள். முந்தானையில் உள்ளங்கையகலத்திற்கு நீலத்திட்டு. அதைச் சுற்றி விறைப்பு. "ஐயா, பாட் போலியா, இயந்திரம் பழுதா?" என்று அவர் வினவினார். வெதுவெதுப்பான நீரில் அதனை ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி அலசினோம். விறைப்பு நீங்கிற்று, திட்டும் மங்கிற்று. இயந்திரத்தில் புரண்டு உராய்ந்ததாலும் சாற்றின் கடுமையாலும் போன பொலிவு மட்டும் திரும்பவில்லை. பொதி போலியும் அன்று. இயந்திரம் பழுதும் அன்று. இரண்டும் தமக்கிட்ட வேலையைச் செய்தன. இது எந்தத் துணி என்று கேட்கவேண்டிய இடத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

மூன்றாவது காரணமே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. அது அளவு. ஒரு துவைப்பிற்கு எவ்வளவு சலவைப் பொருள் வேண்டும் என்பது துணியின் எடை, அழுக்கின் அளவு, நீரின் தன்மை ஆகிய மூன்றையும் பொறுத்தது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தின்படி நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை அனுமதி உண்டு. ஓர் ஊரின் ஆற்றுநீருக்கும் மற்றோர் ஊரின் ஆழ்குழாய் நீருக்கும் இடையே மும்மடங்கு வேறுபாடு இருக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படும். பொதியோ எவ்வூர்க்கும் ஒன்றே. இரண்டு சட்டைக்கும் ஒரு பொதி. இயந்திரம் நிறைந்த துணிக்கும் ஒரு பொதி. அதனைப் பாதியாக வெட்டவும் இயலாது. துணி குறைவாயின் நுரை மிகுந்து, அலசியும் போகாத எச்சம் இழையில் தங்கித் தோலை அரிக்கும். துணியும் நாளடைவில் மங்கும்.

நம் முன்னோர் இவ்வளவை எங்ஙனம் அறிந்தனர்? உவர்மண்ணிலிட்டு வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளர், எந்த மூட்டைக்கு எவ்வளவு உவர்மண், எத்தனை நாழிகை ஆவி என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தனர். பட்டுக்குப் பூந்திக்கொட்டை, பருத்திக்குச் சவுக்காரம் எனப் பிரித்தறிந்தனர் நம் பாட்டிமார். 1959-இல் சர்ப் நம் நாட்டிற்கு வந்தது; 1969-இல் அகமதாபாத்தில் நிர்மா தோன்றியது. தூள் வந்தபோதும் கைப்பிடியாலோ கரண்டியாலோ அளந்து இடும் பழக்கம் நீங்கவில்லை. அமெரிக்காவில் 1960-களில் சலவைத்தூளை மாத்திரையாக இறுக்கிச் 'சால்வோ' என்னும் பெயரில் விற்றனர். நன்கு கரையவில்லை என்ற குறை அதற்கு இருந்தது. பின்னர் அது வழக்கொழிந்தது. மாத்திரை போய்ப் பொதி வந்தது. ஆயினும் பழைய சிக்கல் முற்றும் தீரவில்லை.

பொதியை நான் வெறுப்பதாக எண்ணவேண்டா. தூளை வாரி இறைப்பவர்க்கு அது சிக்கனம் கற்பிக்கிறது. புட்டியைத் தூக்கிச் சாய்க்க இயலாத முதியவர்க்குத் துணையாகிறது. ஆயின், அளக்கும் வேலையை அது நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டதே அன்றி, அறியும் கடமையை வாங்கிக்கொள்ளவில்லை. ஆலையில் அமைந்த அளவு நடுத்தரமான ஒரு துவைப்பிற்கு உரியது. உங்கள் துணி அந்த நடுத்தரம்தானா என்று பார்க்க வேண்டியவர் நீங்களே.

ஆகவே, இவற்றை மனத்திற் கொள்ளுங்கள். உறையில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். உலர்ந்த கையால் பொதியை எடுங்கள். ஈரக்கை பட்டால் தாள் இளகும். மழைக்காலத்தில் டப்பாவை இறுக மூடிவையுங்கள். முன்புறம் திறக்கும் இயந்திரமாயின், வெற்றுத் தொட்டியில் பொதியை முதலில் இட்டு, அதன்மேல் துணியை இடுங்கள். துணி தளர்ந்து புரள இடம் விடுங்கள். பட்டையும் கம்பளியையும் தனியே வையுங்கள். இரண்டே சட்டையாயின் பொதியை விடுத்துச் சிறிது தூளை அளந்து வாளியில் துவைப்பதே தக்கது. பொதியை வாளிக்குப் பயன்படுத்தவேண்டா. கையில் பிதுங்கிக் கண்ணில் தெறித்தால் பெருந்துன்பம் தரும். வீட்டில் குழந்தை இருப்பின், அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

திட்டுப் பட்டுவிட்டதா? அத்துணியை வெயிலில் காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரம் வற்றி வெப்பமும் ஏறினால், முன்னர்ச் சொன்ன அந்தச் சங்கிலிகள் மேலும் நெருங்கி இறுகும். பின்னர்க் கரைப்பது அரிது. உடனே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசுங்கள். பெரும்பாலும் நீங்கிவிடும்.

பள்ளியில் தராசும் அளவுகுழாயும் கொடுத்து உங்களை அளக்கப் பழக்கியது தேர்வுக்காக மட்டும் அன்று. எவ்வளவு, எதற்கு, எந்த நிலையில் என்று கேட்கும் மனம் அமையவேண்டும் என்பதற்காகவே. பிறர் அளந்து கட்டிக்கொடுத்த பொதிகள் இனியும் பல வரும். சலவையில் மட்டும் அன்று, உணவிலும் மருந்திலும் கல்வியிலும் வரும். வாங்கிப் பயன்படுத்துங்கள், ஆனால் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டபின் பயன்படுத்துங்கள்.