ஆவடித் தீர்மானமும் ராஜாஜியின் இரண்டு மொழிகளும்

தலைமை உரை என்று கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. எனக்குப் பாடம் சொன்னவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பிழை விட்டால் தேநீர் இடைவேளை வரைகூடப் பொறுக்க மாட்டார்கள்.

'பழமைவாதக் கட்சிகளுக்குள் கருத்துப் பிளவுகள்' என்பது பொதுத் தலைப்பு. பிரிட்டனுக்கும் ஜனசங்கத்துக்கும் தனித்தனி அமர்வுகள் இருக்கின்றன. அவற்றை உரியவர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆவடிக்கு வந்துவிட்டு சுதந்திராக் கட்சியைப் பேசாமல் போக எனக்கு மனமில்லை. 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் இங்கே கூடிய காங்கிரஸ்தான் சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1959 நாகபுரித் தீர்மானம் கூட்டுறவுப் பண்ணையை அதோடு சேர்த்தது. இவற்றை எதிர்த்து அதே ஆண்டு ராஜாஜியின் சுதந்திராக் கட்சி சென்னையில் பிறந்தது.

தலைவர் என்.ஜி. ரங்காவுக்குக் கவலை உழவனின் நிலம். பொதுச் செயலாளர் மினூ மசானிக்குக் கவலை தொழில் சுதந்திரம். அவரே 1934இல் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1949இல் இந்தியை ஆட்சிமொழியாக்கிய சூத்திரத்தில் பெயர் பதித்த கே.எம். முன்ஷியும், அறுபதுகளில் இந்தியை எதிர்த்து நின்ற ராஜாஜியும் ஒரே மேடையில் இருந்தார்கள். இந்தப் பிளவுகளே கட்சியைக் கொன்றன என்பது நம் துறையில் கிளிப்பிள்ளைப் பாடம். எனக்கு உடன்பாடில்லை. அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளியே உறுப்பினர் தம் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொண்ட கட்சி அது. பல கருத்தோடு வாழ ஒப்புக்கொண்டவர்கள் அதனாலேயே செத்தார்கள் என்பது எப்படி?

பல ஆண்டுகளுக்கு முன் இதையே நான் சொன்னபோது, மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் 'மயிலாப்பூர் ஏக்கம்' என்றார். அவரும் இங்கே வந்திருக்கிறார், மகிழ்ச்சி. அவரிடம் இன்றும் ஒன்றுதான் கேட்கிறேன். ஆய்வாளர் ஹோவர்ட் எர்ட்மன் 1967இல் சுதந்திரா பற்றி நூல் எழுதியதிலிருந்து நாம் இந்தக் கட்சியை ஆங்கிலத்திலேயே படித்துக்கொண்டிருக்கிறோம். ராஜாஜி எழுதிய ஆங்கில இதழ் 'ஸ்வராஜ்யா'வை வரி விடாமல் படித்தவர்களில் எத்தனை பேர் அவர் எழுதிய தமிழ் இதழ் 'கல்கி'யைப் புரட்டினோம்?

பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று ஆங்கிலத்தில் சாடிய ராஜாஜியைத் தமிழ் வாசகர் அறிந்தது வேறு முகத்தில். அவருடைய ராமாயணமான 'சக்கரவர்த்தித் திருமகன்' 'கல்கி'யில் தொடராக வந்து, கட்சி பிறப்பதற்கு முந்தைய ஆண்டு சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றுவிட்டது. அரசு விலகினால் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது மசானியின் நம்பிக்கை. தர்மம் பார்த்துக்கொள்ளும் என்பது ராஜாஜியின் நம்பிக்கை. அரசு போட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்து, பர்மிட்டுக்கு அலைந்த சிறு முதலாளி நியாயப்படி மசானியின் ஆள். மசானியின் ஆங்கிலம் அவருக்கு எட்டவில்லை. ராஜாஜியின் தமிழ் எட்டியது. ஆனால் அதில் அவர் பட்டறை இல்லை. ஆழமான பிளவு இதுதான் என்பது என் வாதம்.

இனி கட்சியின் முடிவுக்கு வருவோம். 1967இல் சுதந்திரா 44 இடங்களோடு மக்களவையின் பெரிய எதிர்க்கட்சி. சென்னைச் சட்டமன்றத்தில் 20 இடம். கூட்டணித் தோழரான தி.மு.க.வோ தனித்தே பெரும்பான்மை பெற்றது. சுதந்திராவின் நட்சத்திரச் சின்னத்தை தி.மு.க.வின் உதயசூரியன் விழுங்கிவிட்டது. 1971இல் மக்களவையில் மிஞ்சியது 8. 1974இல் சரண்சிங்கின் பாரதிய லோக்தளத்தில் கட்சியே கரைந்தது.

தலைப்பை விட்டு வாதத்தில் இறங்கிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நூலகம் போனால் அறுபதுகளின் 'கல்கி' பைண்டைக் கேளுங்கள். தாள் பழுத்திருக்கும், ஓரம் உதிரும், மெதுவாகப் புரட்டுங்கள். நான் சொன்னது தவறென்று அதில் சான்று கிடைத்தால் முதலில் எனக்கே எழுதுங்கள்.