அட்மிரலின் அக்கா



ஆங்கில நாவலுக்கும் திருமலைக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. நமது பழைய மயானத்தில் றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின் துயில்கிறார். 1852இல் பர்மாவின் ஐராவதி நதியில், கப்பலிலே உயிர் நீத்தவர். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி.

சகோதரர் இருவரைக் கடற்படைக்குத் தந்த வீட்டிலே வளர்ந்த ஜேன், 'பேர்சுவேஷன்' நாவலில் சேர் வோல்ற்றர் என்றொருவரைப் படைத்தார். கடனில் மூழ்கியவர், தம் குலப்பெயர் அச்சான புத்தகமன்றி வேறெதையும் விரும்பி வாசியாதவர். கடற்படை அவருக்குப் பிடியாது. பிறப்பிலே சிறியோரை அது உயர்த்திவிடுகிறதாம். வெயிலும் காற்றும் முக அழகைக் கெடுத்துவிடுகின்றனவாம்! ஈற்றில் அவரது மாளிகையை வாடகைக்கு எடுத்துக் கைகொடுப்பவரோ ஓர் அட்மிரல்.

ஜேன் அவரைத் திட்டவில்லை, பேசவிடுகிறார். மனிதர் தம் வாயாலேயே கெடுகிறார். இதுவே அந்த நகைச்சுவையின் சூட்சுமம் என்பேன்.

நம் கலியாணப் பேச்சுகளுக்குச் சற்றே காது கொடுங்கள். வீடு ஈட்டில் இருக்கும். வாயிலே பரம்பரைப் பெருமை இருக்கும். கடலில் உழைக்கும் பையனின் நேர்மையை எவரும் விசாரியார். சேர் வோல்ற்றர் நம் தெருக்களிலும் உண்டு. அவரை எழுதத்தான் நமக்கொரு ஜேன் வேண்டும்.