சுடுகாட்டு மல்லி



நந்தவனங்களில் ஆண்டு முழுதும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவினின்று வந்த இச்செடி, வறண்ட நிலத்திலும் தழைக்கும். சுடலையோரத்திலும் தானே வளரும். அதனாலேயே நம்மவர் இதனைச் ‘சுடுகாட்டு மல்லி’ என்று கூறி ஒதுக்கினர்.

இதன் இலை நீரிழிவைத் தணிக்குமோ என்று ஆராயப் புகுந்தனர் கனடா நாட்டு அறிஞர்களான நோபிள், பீர் என்போர். சர்க்கரை குறையவில்லை, குருதியின் வெள்ளணுக்களே குறைந்தன! அவ்வழியே 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்து வெளிப்பட்டது. பின்னர் இதே செடியினின்று கிடைத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அளிக்கப்படுகின்றது.

எனினும் ஒன்றை மறவாதிருப்போமாக. இச்செடி நஞ்சுடையது. மருத்துவர் அளந்து தருவதே மருந்து. நாமே கஷாயமிட்டுப் பருகுவது தீங்காகும். நஞ்சுண்டும் நிலைத்தவன் நீலகண்டன் ஒருவனே; நாம் அல்லோம்.

சுடலையில் ஆடும் பெருமானே உலகைக் காக்கின்றான். சுடலையோரச் செடியும் மழலையின் உயிரைக் காக்கின்றது. அங்ஙனமாயின், இழிந்தது என்று நாம் தள்ளிய பொருளிலும், தாழ்ந்தவர் என்று நாம் ஒதுக்கிய மாந்தரிடத்தும் அவன் திருவருள் உறைகின்றது என்பதில் ஐயமுண்டோ? எவரையும் இகழாதிருத்தலே அப்பெருமானுக்கு நாம் சாத்தும் நன்மலராகும்.

திருச்சிற்றம்பலம்.