இழப்பை அளக்கும் கோல்



இழப்பு ஒரு நாளில் நேர்வது. அதனை அளந்தறிவதோ ஆண்டுக்கணக்கில் நீள்வது. எதைக் கொண்டு அளப்பது என்பதே வழக்கின் உயிர்நிலை.

ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம், சோதனை வேளையில் மட்டும் புகையின் நச்சைக் குறைத்துக் காட்டும் சூழ்ச்சியைத் தன் டீசல் கார்களில் பொருத்தியிருந்தமை 2015இல் வெளியாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள் இதில் அடங்கின. 2020 மே மாதத்தில் ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. வாங்கிய விலையை உரிமையாளர் திரும்பப் பெறலாம். ஆனால் ஓடிய தூரத்துக்குரிய பயனைக் கழித்தல் வேண்டும். 60 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய புதிய வண்டி 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடக்கூடியது எனக் கொள்வோம். 1 இலட்சம் ஓடியிருப்பின் மூன்றிலொரு பங்கான 20 இலட்சம் கழியும். எஞ்சிய 40 இலட்சம் நட்டஈடாகும். விலைக்குப் பற்றுச்சீட்டும் ஓட்டத்துக்குத் தூரமானியும் சான்றாயின.

கடலுக்கு அத்தகைய மானி உண்டோ? 2025 மே மாதத்தில் கேரளக் கரைக்கப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் மூழ்கியது. அடுத்த மாதமே பிளாஸ்ரிக் மணிகள் மன்னார்க் கரையில் ஒதுங்கின. பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் கடலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. இத்தகைய கேட்டினால் ஒரு தொழிலாளி பத்து நாள் கடலுக்குச் செல்லாதிருப்பின், அவன் இழந்தது எவ்வளவு?

2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலின் வழக்கு இங்கே கருதற்பாலது. கப்பலின் கொள்ளளவுக்கேற்பப் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச உடன்படிக்கையின்படி, இலண்டன் நீதிமன்றம் விதித்த எல்லை ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் பவுண். இலங்கை உயர் நீதிமன்றமோ 2025 ஜூலையில் 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு கட்டளையிட்டது. கேடு ஒன்றே, கோல்கள் இரண்டு. ஒன்று கப்பலை அளந்தது. மற்றையது கேட்டினை அளந்தது.

ஆயினும், கேட்டினை அளக்கும் கோலுக்கும் சான்று வேண்டும். நட்டஈடு கோருவோன் கேடு நேர்வதற்கு முன்னர் தனக்கிருந்த வருவாயைக் காட்டினாலன்றிக் குறைந்தது எவ்வளவு என்று கணித்தல் இயலாது. வலை வாங்கிய பற்றுச்சீட்டு, படகின் பதிவு, எரிபொருட் செலவு, நாள்தோறும் கரைசேர்த்த மீனின் நிறை, விற்ற விலை ஆகியவற்றைக் குறித்து வைத்தல் இன்றியமையாதது. சங்கங்கள் இப்பணியை மேற்கொள்ளின், எழுதத் தெரியாத முதியவரின் உழைப்பும் கணக்கில் ஏறும்.

கார் உரிமையாளனுக்குத் தூரமானி பேசியது. கடற்றொழிலாளிக்காகப் பேச வல்லது அவனது கணக்குக் கொப்பியே. அமைதியான நாட்களில் எழுதப்படும் அந்தச் சில வரிகளே, அல்லல் வரும் நாளில் நீதிமன்றத்தின் செவிக்கு எட்டும்.